மேசைக்கு மேலே நிழல் விழாத வெளிச்சம்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வையும் விரிப்பும் தைக்கும் வாசகியர், வேலையிடத்து விளக்கமைப்பைக் குறித்துக் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: வணக்கம் அம்மா. கட் பீஸ் துணிகளை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து விற்கிறேன். மாடியில் 10-க்கு 14 அடி அறை. நடுவில் மின்விசிறி, அதன் கீழே 6-க்கு 4 அடி மேசை, எனக்கு முதுகுப் பக்கச் சுவரில் ஒரு டியூப் லைட். வெட்டும்போது என் நிழலே அளவுகோலின் மேல் விழுகிறது. பல்பை மாற்றி அதிக வாட் போட்டும் பயனில்லை. கடையில் விற்கும் பெரிய தொங்கு விளக்குகளின் விலை கட்டுப்படியாகாது. வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம், அளவு பார்த்துச் செய்தால் கடைச் சரக்கைவிட உங்கள் மேசைக்குப் பொருத்தமாகவும் அமையும். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதால்தான் உங்கள் நிழல் அளவுகோலின் மேல் விழுகிறது. முதுகுக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் வாட்டைக் கூட்டினால், நிழல் இன்னும் கறுப்பாகத் தெரியுமே தவிர விலகாது. இடப்பக்கம் ஒரு வரிசை, வலப்பக்கம் ஒரு வரிசை என்று இரண்டு ஒளி வரிசைகள் மேசைக்கு மேலே இருந்தால், ஒரு பக்க விளக்கால் விழும் கை நிழலை மறுபக்க விளக்கு நிரப்பிவிடும். இந்த அமைப்பின் அடிப்படை இவ்வளவே.

விளக்கை மாட்டுமுன் மேசையை மின்விசிறிக்கு அடியிலிருந்து நகர்த்துங்கள். மூன்று இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 330 முறை சுழலும்போது, விளக்குக்கும் மேசைக்கும் இடையே நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் இறக்கை குறுக்கிடுகிறது. அந்தத் துடிப்பில் ஒரு மணி நேரம் நேர்க்கோடு வெட்டிப் பாருங்கள். கண் எரிச்சலும் தலைவலியும் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும். உங்கள் அறையின் 14 அடி நீளத்தில் விசிறி நடுவில், அதாவது 7 அடியில் இருக்கிறது. 48 அங்குல விசிறியின் இறக்கை நுனி நடுப்புள்ளியிலிருந்து 2 அடி வரை வரும். ஆகவே கோடிச் சுவரை ஒட்டி 4 அடி ஆழத்துக்கு மேசையைப் போட்டால், விளக்குச் சட்டத்துக்கும் இறக்கைக்கும் இடையே ஓரடி இடைவெளி கிடைக்கும். மேசையின் முன்விளிம்பில் நிற்கும் உங்களுக்குக் காற்றும் வரும்.

இனிச் சட்டம். ஓரங்குல அலுமினியச் சதுரக் குழாயில் 4-க்கு 4 அடியில் ஒரு சதுரம் செய்துகொள்ளுங்கள். அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் அளவைச் சொன்னால் வெட்டி, மூலைகளை இணைத்துக் கொடுப்பார்கள். நான்கடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. பேட்டன் விளக்குகள் (டியூப் லைட் போன்ற நீளப் பட்டை விளக்குகள்) நான்கு வாங்குங்கள். பால் நிற மூடி உள்ளதாக இருக்கட்டும், எல்.இ.டி. புள்ளிகள் வெறுமையாகத் தெரியும் பட்டைகள் கண்ணைக் கூசச் செய்யும். இரண்டு விளக்குகளைச் சட்டத்தின் இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும், உங்களிடமிருந்து சுவரை நோக்கிச் செல்லும் திசையில் நீளவாக்காக மாட்டுங்கள். மேசையின் 6 அடி நீளத்தில் இரு கோடியிலும் ஓரடி விட்டு, உள்ளே தள்ளி இந்த இரு வரிசைகளும் நிற்கும்.

இந்தத் திசையை மாற்றிவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். விளக்கு உங்கள் முகத்துக்கு நேர் எதிரே குறுக்காக இருந்தால், அதன் பிம்பம் அக்ரிலிக் அளவுகோலில் வெள்ளைக் கோடாக விழுந்து, அளவு கோடுகளை மறைத்துவிடும். கால் அங்குலக் கோட்டை எட்டில் ஒரு பங்குக் கோடாகப் படித்துவிட்டு, ஐம்பது சதுரங்களை வெட்டி முடித்த பிறகு மூலைகள் சேராமல் போவதற்கு இந்தப் பளபளப்பே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. விளக்குகள் பக்கவாட்டில் இருந்தால் அந்தப் பிம்பம் கண்ணுக்கு வராமல் விலகிப்போகும். மேசையின் மேல் கண்ணாடியோ பளபளக்கும் சன்மைக்காவோ இருந்தால், அதன் மேல் மங்கலான பரப்புள்ள விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்வதும் நல்லது.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பணியிட ஒளியமைப்புக்கான ஐரோப்பியத் தரநிலை தையலுக்கு 750 லக்ஸையும், துணியின் நிறத்தைச் சரிபார்க்க 1000 லக்ஸையும் குறிப்பிடுகிறது. விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு லூமன்; ஒரு சதுர மீட்டரில் விழும் லூமனின் அளவே லக்ஸ். 20 வாட் பேட்டன் ஒன்று சுமார் 2000 லூமன் தரும், நான்குக்கு 8000. மேசைப் பரப்புக்கு 4 அடி மேலே தொங்கும்போது அதில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் மேசையில் விழும். மீதி தரைக்கும் சுவருக்கும் போய்விடும். உங்கள் மேசை ஏறத்தாழ 2.2 சதுர மீட்டர் என்பதால், 900 முதல் 1000 லக்ஸ் வரை கிடைக்கும். சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். நான்கும் எரிந்தால் 80 வாட். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரித்தாலும் அரை யூனிட்டுக்குக் குறைவாகவே மின்சாரம் செலவாகும்.

உயரத்தைப் பொறுத்தவரை, மேசை 3 அடி என்றால் சட்டம் தரையிலிருந்து 7 அடியில் இருக்கட்டும். அதற்கும் கீழே இறக்கினால் போர்வையை உதறும்போது விளக்கில் படும். 10 அடி உயரக் கான்கிரீட் கூரையில் துளையிட்டு, உலோக ஆங்கர் போல்ட்டுடன் கூடிய நான்கு கொக்கிகளைப் பொருத்தி, ஜி.ஐ. சங்கிலியில் தொங்கவிடுங்கள். சட்டமும் விளக்குகளும் சேர்ந்து ஐந்து கிலோவைத் தாண்டாது என்றாலும், தலைக்கு மேலே தொங்கும் எடைக்குப் பிளாஸ்டிக் செருகியை நம்பக் கூடாது. கொக்கிகளை இடமும் வலமும் சட்டத்தைவிட அரையடி வெளியே தள்ளி அடித்தால், சங்கிலிகள் சாய்வாக நின்று பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும். சட்டத்தின் பின்பக்கக் குழாயைச் சுவரோடு எல் வடிவக் கிளாம்பால் பிடித்துவிட்டால், விசிறிக் காற்றில் முன்னும் பின்னும் ஆடுவதும் நின்றுவிடும். ஆடும் விளக்கில் நிழலும் ஆடும். அதில் நேராக வெட்ட முடியாது.

சட்டம் கட்டுவது வரை உங்கள் வேலை. மின் இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மூன்று கம்பி கொண்ட ஒயரைப் பயன்படுத்தி, அலுமினியச் சட்டத்துக்குக் கட்டாயம் எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். இட வரிசைக்கும் வல வரிசைக்கும் தனித்தனி சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். அதன் பயன் அடுத்த பதிலில் வருகிறது. வீட்டின் மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், இந்தச் சந்தர்ப்பத்திலேயே அதையும் பொருத்திவிடுவது குடும்பம் முழுமைக்கும் பாதுகாப்பு. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று விசிறி ரெகுலேட்டரில் இந்த விளக்குகளை இணைக்காதீர்கள், சாதாரண எல்.இ.டி. விளக்குகள் அதற்கு ஏற்றவை அல்ல.

கேள்வி: மேசைக்கு மேல் நல்ல வெளிச்சம் அமைத்துவிட்டேன். துண்டுகளை வெட்டவும் இணைக்கவும் மிக வசதியாக இருக்கிறது. ஆனால் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடும்போது, வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கண்ணுக்கே தெரிவதில்லை. வெளிச்சம் இன்னும் போதவில்லையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வெளிச்சம் போதும், அது எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வருவதுதான் இங்கே இடைஞ்சல். ஒட்டுத்துணி வேலையில் இரு வேறு கட்டங்கள் இருக்கின்றன. வெட்டுவதற்கும் இணைப்பதற்கும் நிழல் கூடாது. ஆனால் ஒரே நிறத் துணியில் ஒரே நிற நூலால் போடும் தையலைக் கண் காண்பதே, நூல் பஞ்சை அழுத்தி உண்டாக்கும் பள்ளத்தின் சிறு நிழலால்தான். அந்த நிழலையும் சேர்த்து அழித்துவிட்டால், தையல் எங்கே இருக்கிறது என்று விரலால்தான் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் மேல் விளக்குகளில் ஒரு வரிசையை அணைத்துவிட்டு, வளையும் கழுத்துள்ள சிறு மேசை விளக்கொன்றைத் துணியின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழக் கிடையாக ஒளி பாயும்படி வையுங்கள். வலக்கையால் தைப்பவர் இடப்பக்கத்திலும், இடக்கையால் தைப்பவர் வலப்பக்கத்திலும் வைக்க வேண்டும். துணியின் மீது தவழ்ந்து வரும் அந்த ஒளியில் ஒவ்வொரு தையலின் ஓரத்திலும் மெல்லிய கோடு விழுந்து, போட்ட வரியும் போட வேண்டிய வரியும் எழும்பித் தெரியும். நகத்தாலோ மழுங்கிய ஊசியாலோ கீறிய அடையாளக் கோடுகூட இதில் தெரியும் என்பதால், அழியுமோ அழியாதோ என்று அஞ்சிக்கொண்டே மார்க்கர் பேனாவைப் பயன்படுத்தும் தேவையும் குறையும். தையல் ஓடும் திசைக்குக் குறுக்காக ஒளி வர வேண்டும். வரியின் போக்கிலேயே வந்தால் நிழல் விழாது. எனவே வரியின் திசை மாறும்போது விளக்கை நகர்த்துங்கள், அல்லது துணியைத் திருப்புங்கள்.

மெஷினில் தைப்பவர்களுக்கும் இதே முறைதான். ஊசிக்கு நேர் மேலே உள்ள சிறு விளக்கு ஊசியைக் காட்டுமே ஒழிய, துணியின் மேடு பள்ளத்தைக் காட்டாது. மெஷின் கழுத்தின் இடப்பக்கத்தில் சாய்வாக இன்னொரு விளக்கு வேண்டும்.

கேள்வி: இரவில் விளக்கு வெளிச்சத்தில் பொருத்தமாகத் தெரியும் நிறங்கள் காலையில் பார்த்தால் ஒவ்வாமல் நிற்கின்றன. அரக்கும் பழுப்பும், கருநீலமும் கறுப்பும் எனக்குக் குழம்பிப் போகின்றன. எந்த எல்.இ.டி. வாங்க வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: புடவைக் கடையில் பிடித்த புடவையை வாசல் வரை எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் எல்லாருக்கும் உண்டு. அந்த வழக்கத்தில் முழு நியாயம் இருக்கிறது. வெவ்வேறு சாயமேற்றிய இரு துணிகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகவும், இன்னொரு ஒளியில் வேறு வேறாகவும் தெரிவது இயல்பு.

வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி உமிழும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சைப் பூசிச் செய்யப்படுவது. மலிவான விளக்குகளில் அடர் சிவப்பு ஒளி குறைவாக இருக்கும். அதனால்தான் உங்கள் அரக்கு, பழுப்பின் பக்கம் சாய்கிறது. அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. என்னும் எண்ணைப் பாருங்கள்; விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதை அது சொல்லும். சாதாரண விளக்குகளில் அது 80 இருக்கும். உங்களுக்கு 90 அல்லது அதற்கு மேல் வேண்டும். அந்த எண் வெளிர்ந்த எட்டு மாதிரி நிறங்களின் சராசரி என்பதால், அடர் சிவப்பைத் தனியே அளக்கும் ஆர் 9 என்ற மதிப்பும் அச்சிடப்பட்டிருந்தால், அது அதிகமாக உள்ளதையே எடுங்கள். எல்லா விளக்குகளையும் மாற்றச் செலவு அதிகமென்றால், ஒரு வரிசையை மட்டும் மாற்றி, நிறம் தேர்ந்தெடுக்கும் வேளையில் மற்றதை அணைத்து வைக்கலாம்.

விளக்கின் நிறத்துக்கு, 4000 கெல்வின் என்று குறித்த நடுநிலை வெள்ளையை நான் பரிந்துரைப்பேன். 2700 கெல்வினின் மஞ்சள் ஒளி, சந்தன நிறத்தையும் வெள்ளையையும் நெருங்கச் செய்துவிடும். 6500 கெல்வின் நீலம் பாய்ந்து, இரவில் நெடுநேரம் உட்கார இதமாக இருப்பதில்லை. ஆயினும் எந்த விளக்கையும் முழுக்க நம்பக் கூடாத இடம் ஒன்று உண்டு: வெள்ளைத் துணி. பல வெள்ளைத் துணிகளில் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக ஒளிரும் வெண்மையூட்டி சேர்க்கப்படுகிறது. எல்.இ.டி. ஒளியில் புற ஊதா இல்லாததால், இரு வேறு துணிக் கட்டுகளில் வந்த வெள்ளைகளும் ஒன்றுபோலவே தெரியும். பின்னணிக்கு வெள்ளை வாங்குபவர்கள் பகலில் ஜன்னலோரம் வைத்து ஒப்பிட்ட பிறகே வெட்ட வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 64. நாற்பது ஆண்டுகளாகக் கையால் தைக்கிறேன். எங்கள் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை. கூரையில் துளை போட்டால் காரை கொட்டுகிறது. மருமகள் மாட்டிய விளக்கில் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மருமகளுக்குப் போதுமான வெளிச்சம் உங்களுக்குப் போதாமல் இருப்பது இயற்கையே. இருபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் எட்டுகிறது. விழிப்பாவை சுருங்குவதும் கண்வில்லை மஞ்சளாவதும் காரணங்கள். அதற்காக அறை முழுவதையும் மூன்று மடங்கு பிரகாசமாக்கினால் கண் கூசும். மேல் விளக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மடியில் உள்ள துணிக்கு மட்டும் பக்கவாட்டில் இன்னொரு விளக்கைக் கொடுங்கள். அதன் பல்பு உங்கள் கண்ணுக்கு நேரே தெரியாதபடி மூடியைத் திருப்பி வையுங்கள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ எதிர் வெளிச்சத்தில் எல்லாம் மங்கினாலோ, கண்புரையாக இருக்கலாம் என்பதால் கண் மருத்துவரை முதலில் பாருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில் செங்கல் பகுதியைத் தொடவே தொடாதீர்கள். தேக்கு உத்தரங்களே எடையைத் தாங்குபவை. அவற்றின் அடிப்பக்கத்தில் மறையுள்ள கொக்கியைத் திருகி, இரு உத்தரங்களுக்குக் குறுக்கே ஒரு மர ரீப்பரைத் தொங்கவிட்டு, அதில் விளக்குகளை மாட்டலாம். உத்தரம் செல்லரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அதுவும் இயலாவிட்டால், மேசையின் இரு கோடியிலும் நிமிர்ந்த இரண்டு குழாய்களை இறுக்கிப் பிடிக்கச் செய்து, மேலே குறுக்குக் குழாய் வைத்து விளக்கை அதில் கட்டுங்கள். கூரையைத் தொடாத இந்த அமைப்பை வாடகை வீட்டில் இருப்பவர்களும் பின்பற்றலாம்; குழாய் உலோகம் என்றால் இதற்கும் எர்த் வேண்டும்.