ஒரே பாட்டுக்கு 24 டிஸ்க் எதற்கு?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஐந்து வருடம் ஆகிறது. இரண்டரை வயதில் ஒரு மகள். கணவர் நல்லவர், குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம்: கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழு. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பாட்டைப் போடுவார். பன்னிரண்டு நிமிஷம் ஓடும். நடுவில் ஒருவர் கிடாரில் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும், "எப்படி?" "நல்லா இருக்கு" என்றால், "எந்த இடம்?" என்பார். நடுவில் போனைப் பார்த்துவிட்டால் இரண்டு நாள் பேச்சு இல்லை. போன மாதம் 1974 கச்சேரிகள் என்று 24 டிஸ்க் அடங்கிய பெட்டி ஒன்று வந்தது. அதே பாட்டுகள்தான் திரும்பத் திரும்ப இருக்கின்றன. நண்பர் கொடுத்த பரிசு என்றார். கார்டு பில்லைப் பார்த்தால் மூன்று மாத இஎம்ஐ! ஹாலில் வாயைப் பிளந்து அலறும் சிவப்பு முகம் ஒன்றை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார், குழந்தை பயப்படுகிறாள். காலை ஆறு மணிக்கே இந்தச் சத்தம் ஆரம்பித்துவிடுவதால் மாமியார் "பேய்ப் பாட்டு" என்கிறார். எனக்குப் பழைய சினிமாப் பாட்டு போதும். இது ஏதாவது நோயா? பிடித்ததுபோல் நடித்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: நோயெல்லாம் இல்லையம்மா. வேலைக்குப் போகிறார், வீட்டில் சாப்பிடுகிறார், சாப்பிட்டதும் மனைவி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறார். உங்களைப் பார்த்துப் பொறாமைப்படும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் வேறு, அந்த 'நண்பர் பரிசு'. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெட்டி. கிங் கிரிம்சன் எனக்கும் பழகிய குழுதான், அதனால் உங்கள் கணவர் பக்கத்து நியாயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது 'தி ரோட் டு ரெட்' என்ற தொகுப்பு. 1974-இல் அவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராக வாசித்த கச்சேரிகள் அதில் வரிசையாக இருக்கின்றன. பட்டியலைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, அதே பாட்டுகள்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் குழுவில் இருந்த நான்கு பேரும் (கிடாருக்கு ராபர்ட் ஃப்ரிப், பாட்டுக்கும் பேஸ் கிடாருக்கும் ஜான் வெட்டன், டிரம்ஸுக்கு பில் புரூஃபோர்ட், வயலினுக்கு டேவிட் கிராஸ்) பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, என்ன வாசிக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். சில நாள் அது அற்புதமாக அமையும், சில நாள் வழி தவறிப்போய் எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப் பிறந்ததற்குப் பெயர் ஏது? பிறகு ரெக்கார்டில் சேர்க்கும்போது ஊர்ப் பெயரையே வைத்தார்கள். ஜூன் 30 அன்று பிராவிடன்ஸ் நகரில் வாசித்தது 'பிராவிடன்ஸ்' என்றே 'ரெட்' ஆல்பத்தில் ஏறியது. மறுநாள் ஜூலை 1, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கச்சேரி. அதோடு வயலின்காரர் குழுவில் இல்லை. அந்த வருடம் செப்டம்பரில், 'ரெட்' கடைக்கு வருவதற்கு முன்பே, குழுவே கலைந்துவிட்டது என்று ஃப்ரிப் அறிவித்துவிட்டார்.

நீங்கள் சொல்லும் அந்தப் பன்னிரண்டு நிமிஷப் பாட்டு 'ஸ்டார்லெஸ்' என்றுதான் நினைக்கிறேன். அதன் கதையைக் கேட்டால் பெட்டியின் மீது கொஞ்சம் கோபம் குறையலாம். மெட்டைக் கொண்டுவந்தவர் வெட்டன். முந்தைய ஆல்பம் தயாரான சமயத்தில் அதை மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். பிறகு என்ன தோன்றியதோ, எடுத்து நீட்டி, மேடையில் வாசிக்கத் தொடங்கினார்கள். அப்போது முகப்பு மெட்டை வயலின் வாசித்தது. ஸ்டூடியோவுக்குப் போகும்போது வயலின்காரரே இல்லை, கிடார் வாசித்தது. ஆக, அந்தப் பெட்டியில் உங்கள் கணவர் கேட்பது, ரெக்கார்டு ஆகாத ஒரு பாட்டு ஊர் ஊராகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஆளாவதை. கச்சேரி ரசிகர்கள் ஒரே பாடகரின் ஒரே ராகத்தை நாலு சபாவில் கேட்டுவிட்டு, "மயிலாப்பூரில் பாடினதுதான் பாட்டு" என்று சண்டை போடுவதில்லையா? அந்த ஜாதிதான் இவரும்.

அந்த ஒரே சுரமும் காரணத்தோடுதான் வருகிறது. முதல் நாலு நிமிஷத்துக்கு மேல் அது மெதுவான, சோகமான, யாருக்கும் பிடிக்கக்கூடிய பாட்டு. அப்புறம் பாட்டு நிற்கும். பேஸ் கிடார் மட்டும் 13 எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி வரும். கிடார் ஒரே சுரத்தை விடாமல் தட்டி, பொறுமையைச் சோதித்து, மெல்ல மெல்ல மேலே ஏறும். டிரம்ஸ் பின்னாலேயே கனத்துக்கொண்டு வரும். கடைசியில் எல்லாம் உடைந்து வேகமெடுத்து ஓடி, ஆரம்பத்து மெட்டு முழு பலத்தோடு திரும்பி வரும். அந்தத் திரும்பலுக்காகத்தான் நடுவில் அத்தனை நேரம் காக்கவைக்கிறார்கள். உங்கள் கணவர் "எந்த இடம்?" என்று கேட்பது அந்த இடத்தைத்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். பதிமூன்று எண்ணிக்கையில் தொடையில் தாளம் போட யாருக்கும் சட்டென்று வராது. உங்களுக்குப் பிடிக்காததில் உங்கள் காதின் குறை எதுவும் இல்லை.

சரி, இந்தக் குழுவின் ரசிகர்கள் மட்டும் ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இவர்கள் நேசித்தது எப்போதும் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்த ஒன்றை. 1969 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் பக்கம் ஒரு காபிக் கடையின் நிலவறையில் ஒத்திகை ஆரம்பித்தார்கள். ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், லட்சக்கணக்கானவர்கள் முன்னால் வாசித்தார்கள். அக்டோபரில் முதல் ஆல்பம், பெரிய வெற்றி. டிசம்பரில் இரண்டு பேர் விலகுகிறோம் என்றார்கள். நான் வேண்டுமானால் போய்விடுகிறேன், நீங்கள் குழுவை நடத்துங்கள் என்று ஃப்ரிப் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்புறம் ஐம்பது வருடம் இதே கதை. ஆள் மாறும், சத்தம் மாறும், ரசிகன் பழகுவதற்குள் கலைந்துவிடும். 1981-இல் அட்ரியன் பெலூ, டோனி லெவின் ஆகியோரோடு திரும்பி வந்தபோது வயலினும் இல்லை, மெல்லோட்ரான் என்ற பழைய கீபோர்டும் இல்லை. இரண்டு கிடார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடும் புது இசை. 2014-இல் மூன்று டிரம்ஸ்காரர்களை மேடையின் முன்வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்கள். 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் கடைசிக் கச்சேரி. முடித்தது எந்தப் பாட்டோடு தெரியுமா? அதே 'ஸ்டார்லெஸ்'. உங்கள் கணவர் இனி அவர்களை நேரில் பார்க்க வழியில்லை. கோவையில் இதைப் பேச அவருக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால் மொத்தப் பாரமும் உங்கள் தலையில் விழுகிறது.

அதற்காக நடிக்காதீர்கள். நடிப்பு பலிக்காது என்பது ஒரு காரணம். எந்த இடம் என்று கேட்கிறவரிடம் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? பலித்துவிட்டால் இன்னும் மோசம், அடுத்த பெட்டிக்கு நீங்களே அனுமதி கொடுத்தவர் ஆவீர்கள். "எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பேசட்டும். பாட்டைக் கேட்பதைவிட, பாட்டைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்பது உங்களுக்குச் சுவாரஸ்யமாக இருக்கலாம். அந்தக் குழுவுக்குள் நடந்த சண்டைகளும் பிரிவுகளும் ஒரு மெகா சீரியலுக்குக் குறைந்தவை இல்லை. ஜேமி முயர் என்று ஒருவர், சங்கிலி, தகரம், பொம்மை என்று கையில் கிடைத்ததையெல்லாம் தாள வாத்தியமாக்கியவர், ஒரே ஒரு ஆல்பத்தில் வாசித்துவிட்டு ஸ்காட்லாந்தில் பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். இதையெல்லாம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்.

இனி அவருக்கு. இந்தப் பக்கத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தம்பி, பாட்டைப் போடுங்கள், அவள் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் ஃப்ரிப்பே அதை விரும்பாதவர்தான். கச்சேரியில் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது என்பார். கடைசி வருடங்களில், எல்லாம் முடிந்து டோனி லெவின் தன் கேமராவைத் தூக்கும்போதுதான் ரசிகர்களும் தூக்கலாம் என்று விதி. தன்னைக் கேமரா வெறித்துப் பார்ப்பதே பிடிக்காத ஒரு மனிதரின் ரசிகர், பாட்டு கேட்கும் மனைவியின் முகத்தைப் பன்னிரண்டு நிமிஷம் வெறித்துப் பார்க்கலாமா? பார்த்தால் அவள் காது வேலை செய்யாது, முகம்தான் வேலை செய்யும்.

அடுத்து, எதைப் போடுகிறீர்கள் என்று யோசித்தீர்களா? பழைய சினிமாப் பாட்டு பிடித்தவளுக்கு முதல் நாளே 'ஸ்டார்லெஸ்' போட்டால் என்ன ஆகும்? முதல் ஆல்பத்தில் அலறலாக வரும் முதல் பாட்டுக்கு அடுத்ததாக 'ஐ டாக் டு தி விண்ட்' இருக்கிறது. இயன் மெக்டொனால்டின் புல்லாங்குழலை வேண்டாம் என்று சொல்லும் தமிழ்க் காது அபூர்வம். 1981-இல் 'மட்டே குடாசாய்' இருக்கிறது, நாலு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் காதல் பாட்டு. 'புக் ஆஃப் சாட்டர்டே' மூன்று நிமிஷம்கூட இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது மெதுவாக ஓடவிடுங்கள், அறிவிப்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, தாளக் கணக்கில் அவளுக்கே ஆர்வம் வந்தால் 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' போட்டு, தகிட தகதிமி என்று ஏழு எண்ணிக் காட்டுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவள் போடும் பாட்டுக்கு நீங்கள் எத்தனை நாள் முழுசாக உட்கார்ந்திருக்கிறீர்கள்? இதையும் யோசியுங்கள்: 2020 ஊரடங்கில் ஃப்ரிப் என்ன செய்தார்? மனைவி டோயா வில்காக்ஸ் இழுத்த இழுப்புக்கெல்லாம் சமையலறையில் மற்றவர்களின் ராக் பாட்டுகளுக்குக் கிடார் வாசித்தார், பாலே உடை போட்டுக்கொண்டு ஆடவும் செய்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீடியோக்கள் வந்தன, உங்களுக்குத் தெரியாமலிருக்காது. மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்கக்கூட யோசிக்கிற மனிதர் அவர். தலைவர் இறங்கி வந்துவிட்டார், தொண்டர் இறங்க மாட்டேன் என்றால் எப்படி?

மீண்டும் உங்களிடம் வருகிறேன், அம்மா. ஹாலில் இருக்கும் அந்த முகம் முதல் ஆல்பத்தின் அட்டை. வரைந்தவர் பாரி காட்பர் என்ற இளைஞர், ஆல்பம் வந்து சில மாதங்களிலேயே, 24 வயதில் இறந்துபோனார். ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான் அட்டை வரைந்தார், அதை உலகமே ஞாபகம் வைத்திருக்கிறது. அதனால் உங்கள் கணவர் அதை மாட்டியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குழந்தை நடமாடும் ஹாலில் வேண்டாம், அவர் வேலை செய்யும் இடத்துக்கு மாறட்டும். அதே ஆல்பத்தை விரித்தால் உள்ளே அவர் வரைந்த இன்னொரு முகம் இருக்கிறது, உருண்டையாகச் சிரித்துக்கொண்டு. அதைக் குழந்தைக்குக் காட்டினால் தாத்தா என்று சொன்னாலும் சொல்வாள்.

மாமியார் சொல்வதில் பாதி நியாயம். காலை ஆறு மணி இந்த இசைக்கான நேரம் இல்லை, அந்த நேரத்துக்கு ஹெட்போன் என்று முடித்துவிடுங்கள். பேய்ப் பாட்டு என்பதை மட்டும் எதிர்த்துப் பேச வேண்டாம், ஜெயிக்க முடியாது.

கடைசியாக, பணம். இசையைப் பற்றிய சண்டையோடு இதைக் கலக்காதீர்கள். தனியாக, குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து கேளுங்கள். பெட்டி வாங்கியதைவிடப் பொய் சொன்னது ஏன் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பதில், "நீ திட்டுவாய் என்று பயந்தேன்" என்றுதான் வரும். அந்தப் பயத்துக்கு உங்கள் பக்கத்தில் ஏதாவது காரணம் இருந்தால் அதையும் பேசிவிடுங்கள். அப்புறம் ஒரு கணக்கு வையுங்கள். வீட்டுச் செலவு, சேமிப்பு எல்லாம் போக, இருவருக்கும் மாதம் ஒரே அளவு சொந்தச் செலவுத் தொகை. அதில் அவர் டிஸ்க் வாங்கட்டும், நீங்கள் புடவை வாங்குங்கள், ஒருவரை ஒருவர் கேட்கவேண்டாம். அதற்கு மேல் போனால் முன்கூட்டிச் சொல்லியாகவேண்டும். கடன் பெருகுகிறது, மறைப்பது தொடர்கிறது என்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அது வேறு பேச்சு. இந்தப் பெட்டியின் இஎம்ஐயில் பாக்கி இருக்கும் தவணைகளை அவருடைய பங்கிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.