பழைய நிரல் உடையாமல் ஒரு நிரல்மொழியின் அடிப்படை விதியை மாற்ற முடியுமா?

முடியும், மாற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த நிரலை எழுதியவரே முடிவு செய்தால். கோ (Go) நிரல்மொழியின் ஃபார் லூப், அதாவது ஒரே வேலையைச் சுற்றுச் சுற்றாகத் திரும்பச் செய்யும் கட்டளை, நல்ல உதாரணம்.

2012இல் வந்த கோ 1, பழைய நிரல்கள் தொடர்ந்து இயங்கும் என்று வாக்களித்தது. ஆனால் அதில் லூப் மாறி (சுற்றுக்குச் சுற்று மாறும் மதிப்பை வைத்திருப்பது) எல்லாச் சுற்றுகளுக்கும் ஒன்றே. 0 முதல் 2 வரை ஓடும் லூப்பில் அந்த மாறியை அச்சிடும் மூன்று ஃபங்ஷன்களை (பிறகு அழைக்கக்கூடிய நிரல் துண்டுகளை) சேமித்து, லூப் முடிந்தபின் அழைத்தால் 0, 1, 2 வராது. மூன்றும் பார்ப்பது அதே மாறியை, லூப் முடியும்போது அதன் மதிப்பு 3; அதனால் மூன்றுமே 3 என்றுதான் அச்சிடும். அனுபவசாலிகளும் இதில் வழுக்கி விழுந்தார்கள்.

2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22இல் ஒவ்வொரு சுற்றுக்கும் புது மாறி. புரோகிராம் எந்தக் கோ பதிப்புக்கானது என்பதைச் சொல்லும் கோ.மாட் (go.mod) கோப்பின் 'கோ' வரியில் 1.22 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் புது விதி. குறைவாக இருந்தால், புதிய கம்பைலரும் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பழையபடியே நடத்தும். நீங்கள் சேர்த்திருக்கும் வெளி மாட்யூல்கள் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள்) தத்தம் 'கோ' வரிப்படி நடக்கும். இன்னொரு நிரல்மொழியான பைத்தான் 2இலிருந்து 3க்குப் போனபோது இந்த வசதி இல்லை: இரண்டையும் ஒரே புரோகிராமில் கலக்க முடியாததால், சார்ந்திருக்கும் நூலகங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கோவில் 'கோ' வரியை 1.22க்கு உயர்த்தியதும் சில டெஸ்ட்கள் (நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள்) தோற்கலாம். பெரும்பாலும் தவறு டெஸ்டில்தான்: இணையாக ஓடிய துணை டெஸ்ட்கள் கடைசி உள்ளீட்டையே திரும்பத் திரும்பச் சோதித்து 'பாஸ்' காட்டியிருக்கும். எந்த லூப் காரணம் என்பதை பைசெக்ட் கருவி வரி எண்ணோடு காட்டும். பழைய வைத்தியமான, ஒவ்வொரு சுற்றிலும் மாறியை நகலெடுக்கும் 'எக்ஸ் := எக்ஸ்' (x := x) வரிகளை அவசரமாக நீக்க வேண்டாம்; இருந்தாலும் கெடுதல் இல்லை.