பார்வைக்கு வேண்டிய நொதியையே தடுக்கும் மருந்து பார்வையை எப்படிக் காப்பாற்றும்?

உங்கள் தம்பிக்கு ஸ்டார்கார்ட் என்ற பரம்பரை விழித்திரை நோய் இருக்கிறது, எமிக்சுஸ்டாட் என்ற மருந்து ஆர்.பி.இ.65 நொதியைத் தடுக்கிறது என்று படித்தீர்கள், கண்ணைக் காக்க வேண்டிய மருந்து கண்ணின் வேலையையே குறைப்பது என்ன நியாயம், ஆய்வுக்கூட ரசாயனமாக விற்கப்படும் அந்தப் பொடியை வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து வாங்காதீர்கள். அது மனிதர்கள் உட்கொள்வதற்கென்று தயாரிக்கப்பட்ட பொருள் அல்ல.

நான் மருத்துவர் அல்லன்; இந்த நொதியின் தடுப்பான்களைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். எந்த மருந்து நிறுவனத்திலும் எனக்குப் பங்கோ சம்பளமோ இல்லை என்பதையும், வேறு யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

ஒளி படும்போது, ஒளியைப் பிடிக்கும் ரோடாப்சின் என்ற நிறமியில் உள்ள 11-சிஸ் ரெட்டினால் (வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் மூலக்கூறு) முழு-டிரான்ஸ் என்ற வேறொரு வடிவத்துக்கு மாறுகிறது. அடுத்த ஒளித்துகளைப் பிடிக்க அது பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலத்தில் அந்தத் திருப்பத்தைச் செய்வதுதான் ஆர்.பி.இ.65. இந்த வேலையைச் செய்வது இதுவே என்று 2005-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே நிறுவின. ஸ்டார்கார்ட் நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பழுதாகியிருப்பது இந்த நொதி அன்று; முழு-டிரான்ஸ் ரெட்டினாலை அப்புறப்படுத்த உதவும் ஏ.பி.சி.ஏ.4 என்ற புரதம். அப்புறப்படாமல் தேங்கும் ரெட்டினால் ஆல்டிஹைடு வகையைச் சேர்ந்தது; கையில் கிடைக்கும் அமீன்களோடெல்லாம் (நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மங்கள்) ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஏ2இ போன்ற நச்சுக் கழிவாக நிறமிப் படலத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே சுழற்சியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் கழிவு சேர்வதும் குறையும் என்பதே இந்த மருந்துகளின் அடிப்படை. நொதியை முற்றிலும் நிறுத்துவது யாருடைய நோக்கமும் அன்று. பிறவியிலேயே இந்த நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானவர்களுக்குக் கடுமையான பார்வைக் குறைபாடு ஏற்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

உங்கள் கேள்வி என்னை ஏன் தொட்டது என்றால், "பார்வையை அணைத்துப் பார்வையைக் காப்பதா" என்று இந்தத் துறையை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் வேலை மங்கலான சிவப்பு விளக்கில் நடக்கும். மாட்டுக் கண்ணின் நிறமிப் படலத்திலிருந்து எடுத்த நுண்சவ்வுகளோடு ரெட்டினாலின் ஆல்கஹால் வடிவமான ரெட்டினோலையும் தடுப்பானையும் கலந்து, குறித்த நேரத்தில் மெத்தனால் விட்டு வினையை நிறுத்தி, ஹெக்சேனில் பிரித்தெடுத்து, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் வரைபடத்தில் 11-சிஸ் ரெட்டினோலின் சிகரம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்போம். இருட்டில் வைத்திருந்த எலியின் விழித்திரையைத் தனியே எடுத்து வெள்ளை விளக்கின் கீழ் வைத்தால், ரோடாப்சினின் இளஞ்சிவப்பு கண்ணெதிரே மஞ்சளாகி வெளுத்துப்போகும். அதை நேரில் பார்த்த எவரும் இந்தச் சுழற்சியை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அங்கே எனக்கு இருந்த மனத்தாங்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வியின் விடை அதில்தான் இருக்கிறது. எமிக்சுஸ்டாட்டும் அதற்கு முன்னோடியான ரெட்டினைல் அமீனும் அமீன் வகைச் சேர்மங்கள். உடலில் அவை நேர்மின்னூட்டம் பெற்று, நொதி வினையின் நடுவே தோன்றும் நேர்மின் இடைநிலையைப் போலத் தோற்றம் காட்டி, நொதியின் இரும்பு அயனிக்கு அருகே உள்ள குழியில் அமர்ந்துகொள்கின்றன. ஆனால் அதே அமீன் தேங்கி நிற்கும் ரெட்டினாலையும் நேரடியாகப் பிடித்துச் செயலற்றதாக்கக்கூடும். நாங்கள் பரிசோதித்த சேர்மங்களின் வரிசையில் நொதியைச் சுமாராக மட்டுமே தடுத்த ஒரு சேர்மம், கடும் ஒளியில் வைத்த எலிகளின் விழித்திரையை, பட்டியலில் அதற்கு மேலிருந்த சேர்மங்களைவிட நன்றாகக் காத்தது. வெட்டுமுகப் படங்களில் ஒளியுணர் செல்களின் உட்கருப் படலம் ஏறக்குறைய முழுத் தடிமனோடு நின்றது. ஆனாலும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் தடுப்புத்திறன் எண்ணை மட்டும் பார்த்து அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். காப்பாற்றியது தடுப்பா, ரெட்டினாலைப் பிடித்ததா என்று பிரித்துப் பாருங்கள் என நான் எழுதிக் கொடுத்த குறிப்புக்குப் பதில் வரவே இல்லை. எமிக்சுஸ்டாட் எலிகளைக் காத்ததில் இந்த இரண்டாவது வழிக்கும் பங்கு உண்டு என்று 2015-இல் வேறொரு குழு வெளியிட்டபோது எனக்கு நிம்மதியும் வருத்தமும் ஒருங்கே ஏற்பட்டன.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை தரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். முதுமையில் வரும் மாகுலாச் (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவுக்காக 508 பேரிடம் நடந்த சோதனையில், சிதைந்த பகுதி பரவும் வேகம் போலி மாத்திரை எடுத்தவர்களிடம் இருந்ததைவிடக் குறையவில்லை. ஸ்டார்கார்ட் நோயாளிகள் 194 பேரிடம் 24 மாதங்கள் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையும் 2022-இல் அப்படியே முடிந்தது. பக்கவிளைவுகளோ, நொதி உண்மையிலேயே தடுக்கப்பட்டதைக் காட்டின: இருட்டுக்குக் கண் பழகத் தாமதமாவதும், நிறங்கள் வேறாகத் தெரிவதும் பலருக்கு ஏற்பட்டன. இதைக் கொண்டு கோட்பாடே பொய் என்று முடிவு கட்டுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. செல்கள் ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கும் கட்டத்தில், கழிவு சேர்வதைக் குறைப்பது மட்டும் போதாமல் இருக்கலாம். வைட்டமின் ஏ கண்ணுக்குச் செல்லும் அளவைக் குறைக்கும் மருந்துகளும், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் சேர்த்த வைட்டமின் ஏ வடிவமும் அதே கழிவைக் குறைக்க வேறு வழியில் முயல்கின்றன.

உங்கள் தம்பிக்கு மரபணுப் பரிசோதனை செய்து ஏ.பி.சி.ஏ.4 பழுதா என்று உறுதி செய்துகொண்டீர்களா? ஆர்.பி.இ.65 பழுதானவர்களுக்குத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரான சிகிச்சை. அந்த மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்தும் லக்ஸ்டர்னாவுக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. ஸ்டார்கார்ட் என்பது உறுதியானால், கண்ணுக்கு நல்லது என்று சொல்லி விற்கும் வைட்டமின் ஏ அதிகமுள்ள மாத்திரைகளை விழித்திரை மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். அந்தச் சுழற்சிக்கு மூலப்பொருளே வைட்டமின் ஏ தான். இப்போது அவர் எடுத்துக்கொள்ளும் சத்து மாத்திரைப் புட்டிகளின் பின்பக்கத்தில் அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.