ஜீவனாம்சப் பாக்கியை வசூலிப்பது எப்படி? வாசகர் கேள்விகள்

பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று உத்தரவாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளையின் அப்பா நான்கு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டார். அரசாங்கமே வசூலித்துத் தராதா? (தங்கச்சிமடம்)

தரும், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். தானாக வசூலித்துத் தரும் அலுவலகம் நம் நாட்டில் இல்லை. வராத மாதங்களைக் கணக்குப் போட்டு, உத்தரவு தந்த நீதிமன்றத்திலேயே மனு கொடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144. அதன்படி, அபராதத்தை வசூலிப்பதுபோல இதற்கும் வாரண்ட் போடலாம். அவருடைய அசையும் பொருளை ஜப்தி செய்யலாம். கலெக்டருக்கு வாரண்ட் அனுப்பி, நிலவரிப் பாக்கியைப்போல வீடு, மனையிலிருந்தும் வசூலிக்கச் சொல்லலாம். ஆகவே மனுவில் சொத்து விவரத்தைத் தெளிவாக எழுதுங்கள்: விசைப்படகு என்றால் பதிவு எண், மனை என்றால் சர்வே எண்.

முக்கியமானது கெடு. ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் வாரண்ட் கிடைக்கும். உங்கள் 20 மாதப் பாக்கியில் கடைசி 12 மாதத்துக்குத்தான் இந்த வழி. மீதி 8 மாதம் அழிந்துபோகவில்லை, அதற்குச் சிவில் வழக்கு போடலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது நீண்ட பாதை. ஊர்ப் பெரியவர்கள் ‘கொஞ்சம் பொறும்மா’ என்பார்கள். பொறுக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கைநழுவுகிறது. இந்த வாரமே மனு போடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானமே இல்லை என்கிறாரே? (பாம்பன்)

விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தொழில் இல்லை என்பது உண்மைதான். அதற்காக உத்தரவு நின்றுவிடாது. தொகையைக் குறைக்க வேண்டுமென்றால் அவர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. இலங்கைச் சிறையில் இருக்கிறார் என்றால் விஷயம் வேறு. அது போதிய காரணமா என்று நீதிமன்றம் பார்க்கும்.

பாக்கி தராததற்காக ஒரு மாதம் ஜெயிலில் இருந்தார். கணக்கு தீர்ந்தது என்கிறார். (மண்டபம்)

தீரவில்லை. சிறை என்பது பணம் கொடுக்கவைக்கும் வழிதான், பாக்கி அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் முன்பே இதைச் சொல்லிவிட்டது.

கணவர் துபாயில். நாங்கள் முஸ்லிம்கள், இந்தச் சட்டம் செல்லுமா? (கீழக்கரை)

செல்லும். பிள்ளைக்கு மதம் பார்த்து 144 எழுதப்படவில்லை. பெற்றோருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஊரில் அவர் பெயரில் வீடோ மனையோ இருந்தால் கலெக்டர் வழியைக் கேளுங்கள். கொல்லத்துக்கோ மங்களூருக்கோ படகு வேலைக்குப் போனவர் என்றால், அவர் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே உத்தரவை நிறைவேற்றலாம்.

பாசி எடுத்துப் பிழைக்கிறேன். வக்கீல் வைக்க முடியாது. (சின்னப்பாலம்)

வக்கீல் இலவசம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். போகும்போது உத்தரவு நகலும் பணம் வந்துகொண்டிருந்த வங்கிப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.