ஊசி ஓடும் நேரத்தில் பாட்டும் பேச்சும்

கேள்வி: என் அம்மம்மாவின் கையெழுத்தில் இருக்கும் இரண்டு வரிகளை முன்னங்கையில் பச்சை குத்துவிக்க விரும்புகிறேன். யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு ஸ்ரூடியோவில் நாள் எடுத்திருக்கிறேன். இரண்டு, மூன்று மணித்தியாலம் செல்லும் என்கிறார்கள். முன்பு அங்கே ஒரு சிறிய பூவைக் குத்தியபோது பாட்டு பெருஞ்சத்தமாக ஓடியது. குத்திய அண்ணா, எந்த ஊர், ஆரின் பிள்ளை, வெளிநாட்டில் ஆர் இருக்கிறார்கள், கலியாணம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இம்முறை பேசாமல், எனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டபடி இருக்க ஆசை. இயர்போன் போட்டால் என்னைப் பெருமைக்காரி என்று நினைப்பாரா? சிநேகிதியையும் கூட்டிச் செல்லலாமா?
வாசகி, கொக்குவில்

பதில்: அன்புள்ள தங்கைக்கு, நீங்கள் பேசாமல் இருப்பதைப் பெருமை என்று அவர் நினைக்க வேண்டியதில்லை, ஆனால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இயர்போனை மாட்டிக்கொண்டால்தான், தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் எண்ண இடமுண்டு.

ஊரையும் உறவையும் விசாரிப்பது நம் பக்கத்தில் வரவேற்பின் ஒரு பகுதி. பேச்சுக் கொடுத்தால் வலி மறக்கும் என்ற நல்லெண்ணமும் அவருக்கு இருந்திருக்கலாம். தமிழ்நாட்டில் பச்சை குத்திய குறத்தியர், குத்துப்படுபவரின் கவனத்தை வலியிலிருந்து திருப்புவதற்காகப் பாடிக்கொண்டே குத்துவது பழைய வழக்கம். ஆனால் கலியாணக் கேள்வியை நான் நியாயப்படுத்த மாட்டேன். கையை அவர் பிடியில் கொடுத்துவிட்டு இருப்பவரால் எழுந்து போகவோ பேச்சை மாற்றவோ எளிதில் முடியாது என்பதால், அந்தக் கதிரையில் இருப்பவரிடம் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்பதில் மற்ற இடங்களைவிடக் கூடுதலான கவனம் தேவை. அந்தப் பொறுப்பு குத்துபவருடையதே. மறுபடியும் கேட்டால், "அதை விடுங்கோ அண்ணா, நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உங்கள் பாட்டு ஆசைக்கு மருத்துவத்திலும் ஆதரவு உண்டு. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்ட 70க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்ததாகக் காட்டியது. பச்சை குத்துவது அறுவைச் சிகிச்சை அல்ல என்றாலும், ஊசிக்குப் பயந்து உடலை இறுக்கிக்கொள்பவருக்குத் தெரிந்த பாட்டு ஒன்று கைகொடுக்கும்.

இயர்போனை ஒரு காதில் மட்டும், குத்தும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் போடுங்கள். "மூச்சை விடுங்கோ", "கையைத் திருப்புங்கோ" என்று அவர் சொல்வது உங்களுக்கு உடனே கேட்க வேண்டும். ஊசி ஒரு நொடிக்குப் பல பத்துத் தடவை, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தோலுள் இறங்குகிறது. அந்நேரம் கை துள்ளினால் கோடு விலகும், ஊசி ஆழமாக இறங்கிவிட்டால் மை பரவி ஓரம் மங்கும். நிழல் தீட்டும்போது ஏற்படும் சிறு அசைவை ஓரளவு மறைக்கலாம். கையெழுத்தில் அதற்கு இடமே இல்லை: அம்மம்மா எழுதிய ழகரத்தின் சுழி சற்று மாறினாலும் அது அவர் எழுத்தாக இராது. ஆகவே கோடு இழுக்கும் நேரம் முழுவதும் நீங்கள் மட்டுமல்ல, அவரும் பேசாமல் இருப்பதே நல்லது. பாட்டையும் அதற்கேற்பத் தெரிவுசெய்யுங்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டு விரலையும் காலையும் அசைக்காமல் இருக்க நம்மவர் எத்தனை பேரால் முடியும்?

பாட்டு வரிசையை வீட்டிலேயே ஒழுங்குசெய்துகொண்டு போங்கள். இடையில் பாட்டை மாற்றித் தரும்படி அவரிடம் கேட்காதீர்கள். கையுறையோடு கைத்தொலைபேசியைத் தொட்டால், மறுபடி உங்கள் தோலைத் தொடுமுன் அவர் கையுறையை மாற்றியாக வேண்டும். மாற்றாமல் தொடர்ந்தால், வேலையை நிறுத்தி மாற்றச் சொல்லத் தயங்க வேண்டாம். அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தாலும் இதே விதிதான்.

ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு வேறு விடயம். அது அவர் நாள் முழுவதும் இருந்து வேலை செய்யும் இடம். அந்தப் பாட்டோடுதான் அவர் கை பழகியிருக்கக்கூடும். நிறுத்தச் சொல்வதைவிடச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதே முறை.

சிநேகிதி ஒருத்தி வரலாம். ஸ்ரூடியோவில் கேட்டுவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள். சிரிப்பு மூட்டுபவளாக இருந்தால் கோடு முடியும்வரை வெளியே இருக்கட்டும், ஏனென்றால் சிரிக்கும்போது தோளும் கையும் சேர்ந்தே குலுங்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்கு வீடியோ அழைப்பில் காட்டும் ஆசையையும் இடைவேளைக்கு ஒத்திவையுங்கள்.

மௌனமாக இருக்க விரும்பினாலும் சிலவற்றைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தும்மலோ இருமலோ வருகிறதென்றால் அசையுமுன் சொல்லுங்கள். தலை சுற்றினால், குளிர்ந்து வியர்த்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதல்நாளே வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்புங்கள்: "வணக்கம் அண்ணா. நாளைக்கு நான் ஒரு காதில் பாட்டுக் கேட்டபடி அமைதியாக இருக்க விரும்புகிறேன், குறை நினைக்க வேண்டாம். நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கும். ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் உதவியாக இருக்கும்."