யானை கீறப் போய் அழும் பிள்ளைக்கு

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. வெள்ளவத்தையில் முன்பள்ளிக்குப் போகிறான். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போய் வந்ததிலிருந்து கார்ட்டூன் யானை கீற வேண்டும் என்று ஒரே பிடிவாதம். யூடியூப்பில் வீடியோ போட்டுக் கொடுத்தால் இரண்டு கோட்டுக்குள் அழத் தொடங்கிவிடுகிறான். அழித்து அழித்துத் தாளும் கிழிகிறது. கடைசியில் "அம்மா, நீங்களே கீறித் தாங்கோ" என்கிறான். நானும் கீறிக் கொடுத்துவிடுகிறேன். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். அவனுடைய தாளில் நீங்கள் ஒரு கோடும் போட வேண்டாம். நீங்கள் கீறும் யானை அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தன்னுடையது இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த தரமும் உங்களிடமே நீட்டுவான். உங்களுக்கென்று ஒரு தாளை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒரு கோடு, அவன் ஒரு கோடு. எதிரே உட்கார்ந்தால் உங்கள் யானை அவனுக்குத் தலைகீழாகத் தெரியும்.

அவன் அழுவது கை வராததால்தான், பிடிவாதத்தால் இல்லை. பிள்ளைகளின் கைக்கு வடிவங்கள் ஒரு வரிசையில்தான் வரும். பெரும்பாலும் மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்துக் கீறுவார்கள், நாலு வயதில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், ஐந்து வயதில் முக்கோணம். டயமண்ட் வடிவம் ஆறு ஏழு வயதாகியும் சிலருக்குச் சறுக்கும். வீடியோவில் வருகிறவர் ஒரே இழுப்பில் நெளிந்து போகிற முதுகும் தும்பிக்கையும் போடுகிறார், அதுவும் வேகமாக. அது ஐந்து வயதுக் கைக்கான வேலை இல்லை. வட்டமும் வளைவும் நேர்கோடும் மட்டும் போதுமான யானையாகப் பார்த்துக் கொடுத்தால் அழுகை பாதியாகக் குறையும்.

சரி, யானைக்கு வருவோம். நேரே நம்மைப் பார்த்து நிற்கிற யானைதான் சுலபம். முதலில் தலை: தேத்தண்ணிக் கோப்பையின் பீரிசு அளவுக்கு ஒரு பெரிய வட்டம். பிள்ளைகள் மூலையில் சின்னதாகத் தொடங்கிவிடுவார்கள், பிறகு தும்பிக்கைக்கு இடமிருக்காது. அதனால் தாளில் போடுவதற்கு முன் மேசையில் விரலால் இரண்டு மூன்று தரம் சுற்றிப் பார்க்கட்டும். வட்டத்தின் இரண்டு பக்கமும் காதுக்கு ஒவ்வொரு அரைவட்டம். தும்பிக்கைக்கு அவன் ஏற்கெனவே எழுதப் பழகியிருக்கக்கூடிய ஒரு எழுத்து இருக்கிறது: ப. நீளமாக, ஒடுக்கமாக ஒரு ப, முகத்தின் நடுவிலிருந்து கீழே தொங்கட்டும். கால்களும் ப தான், இவை கட்டையும் அகலமும். "கோடு இறங்குது, திரும்புது, ஏறுது" என்று வாயால் சொல்லிக்கொண்டே கீறுங்கள். கை நின்ற இடத்தில் அந்தச் சொல் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்.

ஒழுங்கு முக்கியம். முன்னால் இருப்பதை முதலில் கீற வேண்டும். உடம்பை முதலில் போட்டுவிட்டால் அதன் கோடு முகத்துக்குள்ளால் ஓடும். தலை உடம்பை மறைக்கிறது என்பது இந்த வயதில் லேசில் பிடிபடாது. அதனால் தலையை முடித்துவிட்டு, காதுக்குக் கீழிருந்து உடம்பைத் தொடங்குங்கள்.

அப்புறம் கண். கார்ட்டூனின் குழந்தைத்தனம் முழுவதும் இங்கேதான். பெரிய நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பெரிய கண்கள்: இதைப் பார்த்தாலே நமக்குக் கொஞ்சத் தோன்றும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதினார். அதே யானைக்குக் கண்ணை உச்சந்தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வயதான யானை மாதிரி ஆகிவிடும். இரண்டையும் அவன் முன்னால் உங்கள் தாளில் கீறிக் காட்டுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பான்.

தப்பாகக் கீறினால்? கொட்டாஞ்சேனையில் என்னிடம் வந்த ஒரு சின்னப் பிள்ளை தும்பிக்கையைக் காதிலிருந்து கீறினாள். நான் திருத்தவில்லை. "உங்கட யானைக்குப் பசிக்குது, கரும்பை எப்படி வாய்க்குக் கொண்டு போகும்?" என்று மட்டும் கேட்டேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்தாள். காதுப் பக்கத்திலேயே ஒரு வாயைப் போட்டுவிட்டாள்! அடுத்த யானையில் தும்பிக்கை தானாக முகத்துக்கு வந்து சேர்ந்தது. யானையை விடப் பாகன் பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தனக்கு முக்கியமானதைப் பெரிதாகக் கீறுவது இந்த வயதின் வழக்கம்.

அழிறப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பென்சிலுக்குப் பதிலாக பேஸ்டல் கொடுங்கள். முழுதாக இல்லாமல் பெருவிரல் நீளத்துக்கு உடைத்த துண்டு. துண்டு சின்னதாக இருந்தால் கைமுட்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரலால்தான் பிடிக்க வரும். தாளுக்குச் செலவழிக்க வேண்டாம், ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாளே போதும். தாள் மலிந்திருந்தால்தான் பிழைத்தால் இன்னொன்று எடுக்கலாம் என்ற தைரியம் வரும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருத்தி வைக்காதீர்கள்.

மூன்று நாலு யானை வந்த பிறகு உங்கள் தாளை மூடிவிடுங்கள். "இந்த யானை மழைக்குள்ள காலிமுகத்திடலுக்குப் போகுது, என்ன வேணும்?" என்று கேளுங்கள். குடை வரும், சப்பாத்து வரும். அதற்குப் பிறகு அது முழுக்க அவனுடைய யானை. அதே வட்டத்துக்கு இரண்டு முக்கோணக் காது வைத்தால் பூனை. முக்கோணம் அவன் கைக்கு வந்த பிறகு அதைக் கீறட்டும், அவசரமில்லை.

அடுத்த தரம் தெஹிவளைக்குப் போகும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கள். நம் நாட்டு யானையின் காது ஆபிரிக்க யானையின் காதை விடச் சின்னது. முன்காலில் ஐந்து நகம், பின்காலில் பெரும்பாலும் நாலு. நகங்களை எண்ணி உங்களுக்குச் சொல்லும் வேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.