போர்டிங் ஸ்கூலுக்கும் போர்டிங் பாஸுக்கும் என்ன உறவு?

போர்டிங் ஸ்கூல், போர்டிங் பாஸ், போர்டு மீட்டிங் மூன்றிலும் ஒரே சொல் எப்படி வந்தது என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்றால் பலகை. பலகைக்குக் கால் பொருத்தினால் அதுவே சாப்பாட்டு மேசை, அப்புறம் அதில் பரிமாறும் சாப்பாட்டுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம்மூர் லாட்ஜ் வாசலில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருக்கிறதே, அதில் முதல் பாதி சாப்பாடுதான்; போர்டிங் ஸ்கூலில் இருப்பதும் அதே போர்டிங். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களும் போர்டு ஆனார்கள், நம் மின்சார போர்டு வரைக்கும். போர்டிங் பாஸ் வேறு வழி: கப்பலின் பக்கவாட்டுக்கும் ‘போர்ட்’ என்றுதான் பெயர், கப்பல் ஏறுவது போர்டிங், விமானக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கப்பலின் வலப்பக்கத்தைச் சொல்லும் ஸ்டார்போர்டும் இந்த வகைதான்: திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் வந்த பெயர், நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேரம் போர்டு? அது வெறும் பலகை.